‘நின்னுடுச்சா?’ என்று ஆரம்பிக்காதீர்கள், ‘தூங்கினியா?’ என்று ஆரம்பியுங்கள்

அம்மாவின் தலையணை மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், அம்மா இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து நைட்டியின் கழுத்தைப் பிடித்து உதறி உதறிக் காற்று வாங்கிக்கொண்டிருப்பாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்ல, புழுக்கமா இருக்கு, நீ போய்ப் படு" என்பாள். பக்கத்தில் அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார், ஆகவே அது புழுக்கம் இல்லை என்று யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. காலையில் ஏதோ சின்ன விஷயத்துக்கு அவள் எரிந்து விழும்போது "உனக்கு இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோபம்மா" என்று சொன்னவளும் நான்தான். எனக்கு 46 வயதாகி, நடுராத்திரியில் முதுகெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்தத் துண்டு எதற்கென்று புரிந்தது.

மாதவிடாய் நின்றுபோகும் மெனோபாஸ் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எப்படி? தொண்டையைச் செருமிக்கொண்டு "நாம இன்னைக்கு ஒரு முக்கியமான விஷயம் பேசணும்" என்றா? நான் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒரு தடவை என் அக்காவிடம் ஆரம்பித்தேன். "அக்கா, உனக்கு நின்னுடுச்சா?" என்று நேராகவே கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "ஏன், எனக்கு அவ்வளவு வயசாயிடுச்சுன்னு நினைக்கிறியா?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது, ஆறு மாதத்துக்கு.

அந்தச் சொல்லையே பாருங்கள்: "நின்னுடுச்சு". எது நின்றது என்று யாரும் சொல்வதில்லை, எழுவாயே இல்லாத வாக்கியம். குரலையும் தாழ்த்திக்கொள்கிறோம். கேட்பவளுக்கு அது ஒரு தீர்ப்பு மாதிரி விழுகிறது. அதனால் நான் தடுமாறிக் கற்றுக்கொண்ட வழி இது: பெயரை விடுங்கள், அறிகுறியில் ஆரம்பியுங்கள். அதிலும் தூக்கத்தில்.

பேசுவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

நிறையப் படிக்க வேண்டாம். ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் பேச்சை எடுத்தால் நீங்களே அதை மூடிவிடுவீர்கள்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால்தான் அது மெனோபாஸ். அதாவது அந்த நாளை அது கடந்துபோன பிறகுதான் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். பெரும்பாலானவர்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் நடுவில் வருகிறது. ஆனால் தொந்தரவுகள் அதற்குப் பல வருடம் முன்பே, மாதவிடாய் முன்னே பின்னே வந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடலாம். இது தெரியாததால்தான் பாதிப் பேர் "எனக்குத்தான் இன்னும் வந்துட்டிருக்கே, அதெல்லாம் இல்ல" என்று சொல்லித் தூக்கமின்மைக்கு ஒரு காரணம், படபடப்புக்கு ஒரு காரணம், மூட்டு வலிக்கு ஒரு காரணம் என்று தனித்தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

குப்பென்று சூடு ஏறி வேர்த்துக்கொட்டுவது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அது இம்மியளவு சூட்டையும் பெரிய சூடாக எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. சில நிமிடத்தில் அடங்கி, சிலருக்குப் பின்னாலேயே குளிரும் வரும். ஆக அது "மனசுல நினைச்சுக்கிறது" இல்லை. இதுபோக மறதி, வாயில் வரவேண்டிய சொல் வராமல் நிற்பது, காரணமில்லாத பயம், பிறப்புறுப்பில் வறட்சி, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, இதெல்லாமும் இதே கணக்கில் வரலாம். கடைசி மூன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்று மட்டும் ஆறுதல் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி சூடு ஏறி வேர்க்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது என்று 2015-இல் வெளியிட்டார்கள். பொய்யான ஆறுதல் சொன்னால் மூன்றாவது மாதம் அவர் உங்களிடம் பேசமாட்டார்.

இரண்டு சினைப்பைகளையும் அறுவை செய்து எடுத்தவர்களுக்கு இது ஒரே நாளில் வந்துவிடும், அவர் முப்பதுகளில் இருந்தாலும்கூட. சிலருக்கு எந்த அறுவையும் இல்லாமலே 40-க்கு முன்பு வருவதும் உண்டு. குழந்தைக்காகக் காத்திருப்பவராகவும் இருக்கலாம். எனவே எதிரில் இருப்பவரின் வயதைப் பார்த்து "உனக்கு இன்னும் காலம் இருக்கு" என்று சிரிக்க வேண்டாம்.

கதவு தூக்கம்தான்

ஏன் தூக்கம்? அதில் வெட்கம் இல்லை, வயது இல்லை, உறுப்பின் பெயர் இல்லை. யாரும் யாரிடமும் கேட்கலாம். பதில் மட்டும் நேராக விஷயத்துக்குள் கொண்டுபோய்விடும்.

ஆறு மாதம் கழித்து அக்காவிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில்.

"ராத்திரி ஒழுங்கா தூங்கறியாக்கா? எனக்கு மூணு மணிக்கு டாண்னு முழிப்பு வந்துடுது. முதுகெல்லாம் ஈரம். அப்புறம் விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு கிடக்கேன்."

அவள் போர்வையை மடிப்பதை நிறுத்தினாள். "உனக்குமா?"

அந்த "உனக்குமா?"வுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் அவள்தான் பேசினாள். நான் போட்ட திட்டத்தில் இல்லாததெல்லாம் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போகிறாளாம், இரண்டு வருடமாக. வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதில் நான் சரியாகச் செய்தவை, எனக்கே பிறகுதான் தெரிந்தது, மூன்று. என் கதையை முதலில் சொன்னேன், அதனால் அது விசாரணையாக இல்லை. கையில் வேலை இருந்தது, கண் பார்த்துப் பேசத் தேவையில்லை. நடந்துகொண்டே பேசலாம், வண்டி ஓட்டிக்கொண்டே பேசலாம், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எதிரெதிரே உட்கார்ந்தால்தான் நேர்காணல் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாவது, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இதுதான் கஷ்டம். அவர் நிறுத்தும்போது வரும் மௌனத்தை நிரப்பப் போகாதீர்கள், மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழிலேயே அடுத்தது வந்துவிடும்.

உங்களுக்கு அந்த அனுபவம் இல்லையென்றால், இளையவராகவோ ஆணாகவோ இருந்தால், பொய்க் கதை வேண்டாம். "ரெண்டு மூணு நாளா களைப்பா தெரியறீங்க, தூக்கம் சரியில்லையா?" போதும்.

பேச்சைக் கொல்லும் வசனங்கள்

"எல்லாருக்கும் வர்றதுதானே." "நாங்கல்லாம் பார்க்காததா." "வயசாச்சுன்னா அப்படித்தான்." உண்மைதான், எல்லோருக்கும் வருவதுதான். பல்வலியும் எல்லோருக்கும் வருகிறது, அதற்காகப் பல்வலிக்காரரிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை.

இதைவிட மோசமானது வேடிக்கைப் பேச்சு. அவர் எதற்காவது கோபப்பட்டால் "ஓ, ஹார்மோனா?" என்பது. கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்திருக்கும், பாத்திரம் கழுவாமல் கிடந்திருக்கும். அதை ஹார்மோன் தலையில் கட்டினால், உங்களை நம்பிச் சொன்ன விஷயத்தை அவருக்கு எதிராகவே திருப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். இனி சொல்லமாட்டார். சொல்லவும் கூடாது.

உடனே மருந்து சொல்ல ஆரம்பிப்பதும் அப்படித்தான். ஒருவர் வாயைத் திறந்ததுமே எந்த மாத்திரை, எந்தப் பொடி, எந்த ஆசனம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர் கேட்டால் சொல்லுங்கள். அதுவரை "எப்பெல்லாம் வருது?", "என்ன செஞ்சா கொஞ்சம் தேவலாம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பது மேல்.

அம்மாவிடம் மட்டும் நேராகக் கேட்கலாம்

மேலே சொன்னதற்கு ஒரே விதிவிலக்கு இது. அம்மா, பெரியம்மா, அத்தை போன்றவர்களுக்கு அது கடந்துபோன விஷயம். அதனால் "உனக்கு எத்தனை வயசுல நின்னுச்சு?" என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வது குறைவு. கேட்க நியாயமான காரணமும் இருக்கிறது. நிற்கும் வயதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, அம்மாவுக்குச் சீக்கிரம் நின்றிருந்தால் உங்களுக்கும் அப்படி ஆகும் வாய்ப்பு கூடுதல். மெனோபாஸுக்கு அப்புறம் எலும்பு வேகமாக அடர்த்தி குறையும் என்பதால், குடும்பத்தில் யாருக்காவது லேசாக விழுந்ததிலேயே இடுப்பெலும்பு முறிந்ததா, மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்பதையும் அதே மூச்சில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் போனில்தான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நாப்பத்தெட்டு இருக்கும். ஏன், உனக்கு ஆரம்பிச்சுடுச்சா?" என்றாள். துண்டைப் பற்றிக் கேட்டேன். "அது உனக்கு ஞாபகம் இருக்கா!" என்று சிரித்தாள். அப்பாவுக்குக் குளிரும் என்று ஃபேனைக் குறைத்துவிட்டு, அவர் தூங்கியதும் எழுந்துபோய்க் கூட்டுவாளாம், அவர் விழித்தால் மறுபடி குறைப்பாளாம். வருடக்கணக்கில் ராத்திரி இதே வேலை. "சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "யாரு கேட்டா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

கணவரிடம்

ஆண்களுக்கு இது புரியாது என்று விட்டுவிடுகிறோம். புரியவைக்க வகுப்பு எடுக்க வேண்டாம், வேண்டியதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். "எனக்கு இப்ப சூடு ஏறுது, அஞ்சு நிமிஷத்துல இறங்கிடும், அதுவரைக்கும் எதுவும் கேக்காதீங்க." காரணம், நேரம், வேண்டுகோள் மூன்றும் அதில் இருக்கின்றன. பெரும்பாலான ஆண்கள் இப்படிச் சொன்னால் சரி என்று விடுகிறார்கள். காரணம் தெரியாத மௌனம்தான் அவர்களைச் சண்டைக்கு இழுக்கிறது.

கஷ்டமான பேச்சு படுக்கையறை சம்பந்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் திசு மெலிந்து வறண்டுபோகும், உறவின்போது எரியும், வலிக்கும். மனைவி "வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறார், கணவர் அதைத் தன்னை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறார், இரண்டு பேரும் முதுகைக் காட்டிப் படுக்கிறார்கள், மாதங்கள் போகின்றன. "வேண்டாம்" என்பதற்குப் பதில் "வலிக்குது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லை மாற்றினாலே நிறைய மாறும், ஏனென்றால் வலிக்கு வழி இருக்கிறது. உராய்வைக் குறைக்கும் ஜெல், ஈரப்பதம் காக்கும் க்ரீம், அது போதாவிட்டால் மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அல்லது உள்ளே வைக்கும் மாத்திரை என்று இருக்கின்றன. இந்தப் பேச்சைப் படுக்கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், பகலில், உடுப்போடு.

அதே பேச்சில் இதையும் சேர்த்துவிடுங்கள். மாதவிடாய் தப்பித் தப்பி வரும் காலத்திலும் கரு தங்கலாம். கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் என்றால் அதிலிருந்து 2 வருடம், 50-க்குப் பின் என்றால் 1 வருடம் கருத்தடையைத் தொடர வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை.

இதைப் படிக்கும் கணவர்களுக்கு: ராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்தால் "என்ன?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்காதீர்கள். ஃபேனைக் கூட்டுங்கள். உங்களுக்குக் குளிர்ந்தால் இன்னொரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு, பையன்களுக்கும் சேர்த்து, நான் திமிங்கலத்தை வைத்துத்தான் சொன்னேன். ஓர்கா பெண் திமிங்கலங்களும் ஒரு வயதில் குட்டி போடுவதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன, உணவு குறைவான காலத்தில் கூட்டத்தை முன்னால் நின்று கூட்டிக்கொண்டு போவது அந்த மூத்ததுகள்தான். என் பையன் அரை மணி நேரம் திமிங்கலம் பற்றியே கேட்டுவிட்டு, கடைசியில் "அப்ப உனக்கும் அதுவா?" என்றான். ஆமாம் என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டான்.

நாலு பேர் சேர்ந்து

2017-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் ரேச்சல் வைஸ் என்பவர் ‘மெனோபாஸ் கஃபே’ என்று ஒன்றை ஆரம்பித்தார். ஆண், பெண், எந்த வயதினரும் வரலாம், உட்கார்ந்து டீ, காபி குடித்துக்கொண்டே மெனோபாஸ் பற்றிப் பேசலாம். பேச்சாளர் கிடையாது, யாரும் எதையும் விற்கக் கூடாது, ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை நாலு தோழிகளோடு யாரும் செய்யலாம். அந்த விற்கக் கூடாது என்ற விதியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழு ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒருவர் சத்துப் பொடி டப்பாவின் படம் போட ஆரம்பித்தார், இரண்டு வாரத்தில் எல்லோரும் ஊமையாகிவிட்டார்கள். அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அலுவலகம் வேறு மாதிரி. அங்கே யாருடைய உடம்பைப் பற்றியும் நீங்களாகக் கேட்கக் கூடாது, வேலையைப் பற்றிக் கேட்கலாம். "இந்த இடம் ரொம்ப சூடா இருக்கா, ஜன்னல் பக்கம் மாறிக்கிறீங்களா?" நீங்கள் மேலாளராக இருந்தால், கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே போவது தப்பில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தாலே ஒருத்திக்குப் பெரிய நிம்மதி. இதற்கென்று பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பு 2023-இல் தனித் தரக்குறிப்பே வெளியிட்டிருக்கிறது, ஆக உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் இதைக் கேட்பது ஒன்றும் விசித்திரமான கோரிக்கை இல்லை.

மருத்துவரிடம்

முதல் தடவை நான் போனபோது "கொஞ்சம் களைப்பா இருக்கு டாக்டர்" என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து "இந்த வயசுல இப்படித்தான்மா" என்று அனுப்பிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் நானும் ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டாவது தடவை வேறொருவரிடம் ஒரு சின்ன நோட்டோடு போனேன். மாதவிடாய் வந்த தேதிகள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன், எதனால் பகலில் வேலை கெட்டது, எல்லாம் மூன்று மாதத்துக்கு. சொல்லக் கூச்சமான இரண்டு விஷயத்தை எழுதி, அந்தப் பக்கத்தையே திருப்பிக் காட்டிவிட்டேன். அவர் படித்துவிட்டுத் தானாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தார். இதே தொந்தரவுகளைத் தைராய்டும் ரத்தசோகையும் தரும் என்று அதற்கும் பார்த்தார். 45 வயதைத் தாண்டி வழக்கமான அறிகுறிகள் இருந்தால் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது, அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை என்றதும் புற்றுநோய் என்ற பயம் வரும். 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து பரவிய பயம் அது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60-க்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பிக்கிற, வேறு தடை இல்லாத பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள் கதை வேறு. எடுப்பதா வேண்டாமா என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும் நடுவில். கேட்காமலே வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இரண்டு விஷயத்தில் மட்டும் பேசிக்கொண்டிருக்காமல் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். 12 மாதம் நின்றபிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும். அப்புறம், "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி அவர் பேச ஆரம்பித்தால். அதை ஹார்மோன், மனநிலை என்று ஒதுக்கக் கூடாது, அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

பேச மறுத்தால்

விட்டுவிடுங்கள். சிலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கடந்துபோகிறது, சிலர் அப்பாடா விட்டது என்று இருக்கிறார்கள், அவர்களை உட்காரவைத்து இரக்கப்பட வேண்டியதில்லை. சிலர் உங்களிடம் வேண்டாம், வேறு யாரிடமோ பேசுவார்கள். அதுவும் சரிதான்.

பேசியவர்களிடமும் அடுத்த நாளே போய் நிற்காதீர்கள். இரண்டு வாரம் போகட்டும். அவர் போகிற போக்கில் சொன்ன சின்ன விவரம் ஒன்றை ஞாபகம் வைத்துக் கேளுங்கள். நான் அக்காவிடம் கேட்டது இவ்வளவுதான்: "பையில இன்னும் அந்தச் சட்டை இருக்கா?" இருக்கிறதாம். இப்போது இரண்டு வைத்திருக்கிறாளாம், ஒன்று பக்கத்து மேஜைக்காரிக்கு.